ஐந்து பேர் இசைக்குழுவுக்கு எத்தனை வாட் வேண்டும்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸில் போய், "கச்சேரிக்கு செட் வேணுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "எத்தனை பாக்ஸ்?" என்பதுதான். பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர் பெட்டி; குரலுக்கும் மேல் ஒலிக்கும் டாப், அடி முழக்கத்துக்குப் பேஸ். ரெண்டு டாப் ரெண்டு பேஸா, நாலுக்கு நாலா? என்ன வாத்தியம், எத்தனை பேர் பாடுகிறார்கள், கேட்பவர்கள் எவ்வளவு தூரத்தில் உட்காருவார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். சில சமயம் அந்த அப்புறமும் வராது. ஆர்மோனியம் வாசித்தபடி பாடும் ஒருவர், கூடப் பாடும் ஒருவர், அக்கூஸ்டிக் கிட்டார், புல்லாங்குழல், டோலக் என்று ஐந்து பேர் மட்டும் இருக்கும் குழுவுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. சத்தம் போதவில்லை என்று அவர்கள் கச்சேரியில் யாரும் எழுந்து போவதில்லை. டோலக்கின் பேஸ் பக்கம் காணாமல் போகிறது, கிட்டார் மெலிந்து கம்பிச் சத்தமாக மட்டும் கேட்கிறது, பல்லவி முடிவதற்குள் மைக் ஒருமுறை கூவிவிடுகிறது. பெரிய பாக்ஸ் வைத்தால் இந்த மூன்றுமே இன்னும் பெரிதாகக் கேட்கும்.

சவுண்ட் சர்வீஸ்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர்களில் மைக் செட் வளர்ந்த விதம் அப்படி. மாரியம்மன் பண்டிகையோ, திரௌபதி அம்மன் கோயில் பாரதமோ, நோன்பு சாட்டியதும் முதலில் ஏறுவது குழாய் ஸ்பீக்கர். புளியமரத்திலும் மின்கம்பத்திலும் உயரமாகக் கட்டி, அடுத்த ஊருக்குச் செய்தி போக வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அந்தக் கூம்பு ஏறக்குறைய 300, 400 ஹெர்ட்ஸிலிருந்து ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் நன்றாகப் பேசும் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறையக் குறைய ஒலி தடிக்கும்). மனிதக் குரலில் சொல்லைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால் அறிவிப்புக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. ஆனால் கிட்டாரின் தடித்த கம்பி அதிர்வது 82 ஹெர்ட்ஸில். டோலக்கின் இடதுபக்க முழக்கமும் அதே அக்கம்பக்கத்தில்தான். குழாய்க்குள் இரண்டும் நுழையவே நுழையாது.

அகுஜா மாதிரியான பழைய ஆம்ப்ளிபையர்களின் பின்பக்கத்தில் '100 வோல்ட்' என்று ஒரு முனை இருக்கும். அதுவும் இந்தத் தூரக் கணக்குக்காக வந்ததே. மின்வாரியம் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதுபோல, ஒலிச் சமிக்ஞையின் வோல்டேஜை ஏற்றி அனுப்பினால் மெல்லிய ஒயரில் இருநூறு, முந்நூறு மீட்டர் போனாலும் இழப்பு குறைவு. ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்து அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸை இந்த முனையில் நேராகக் கொடுத்துவிட்டால் பாக்ஸோ ஆம்ப்ளிபையரோ வீணாகும். கோயில் செட்டிலேயே நம் பாக்ஸையும் மாட்டிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கூத்து மேடை இன்னொரு பாடம். கூத்தில் மேடைக்கு மேலே கயிற்றில் ஒன்றிரண்டு மைக் தொங்கும். ஆடுபவர் அதன் அடியில் வந்து பாட்டை எடுப்பார். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாம் பின்னாலிருந்தே அதில் விழும். இது வேலை செய்வதற்குக் காரணம் அந்தத் தொண்டை. மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய வெட்டவெளியில் பாடிப் பழகிய மரபு அது. ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரை அதே மைக்குக்கு அடியில் உட்கார வைத்தால் கிட்டார் இருப்பதே தெரியாது. அப்படியானால் மைக்கைத் திறந்துவிடு என்பார்கள். திறந்தால் கூவும். ஏன் என்பது கொஞ்சம் கழித்து.

அடுத்து வந்தது டிஜே பாக்ஸ். 18 அங்குல பேஸ் ஸ்பீக்கர்களை அடுக்கி நெஞ்சுக்கூட்டை அதிர வைப்பது. ஊர்வலத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. புல்லாங்குழல் வாசிக்கும் மேடையில் அதற்கு வேலையில்லை.

வாட் என்னும் மாயை

வாட் என்பது மின்திறனின் அளவு. காதில் விழுவது அதுவல்ல. 100 வாட்டை 200 ஆக்கினால் ஒலி, அதை அளக்கும் டெசிபல் கணக்கில், 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். 'சத்தம் இரண்டு மடங்கு' என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் 'பிஎம்பிஓ' கணக்கை அப்படியே மறந்துவிடலாம். அது ஒரு கண்ணிமைப் பொழுதுக்குச் சொல்லும் விளம்பர எண். 'ஆர்எம்எஸ்' என்றோ, தொடர் திறன் என்றோ போட்டிருப்பதைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, சென்சிட்டிவிட்டி என்று ஒரு வரி இருக்கும்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடையிலிருந்து கடைசி வரிசை 16 மீட்டர். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 2, 4, 8, 16 என்று நான்கு இரட்டிப்பு. மொத்தம் 24 டெசிபல் போய்விடும். கடைசி வரிசைக்காரருக்கு 85 டெசிபல் கிடைத்தால் அக்கூஸ்டிக் இசைக்கு அது தாராளம். பக்கத்தில் இருப்பவர் பேச்சையும் மீறி இசை கேட்கும். அதாவது பாக்ஸுக்கு முன்னால் ஒரு மீட்டரில் 109 டெசிபல் வேண்டும். பாக்ஸின் சென்சிட்டிவிட்டி 95 என்றால் மிச்சம் 14 டெசிபல். அதற்கு வேண்டிய சராசரித் திறன் 25 வாட். ஆமாம், இருபத்தைந்துதான்.

டோலக் அடி விழும் கணம் சராசரியைவிட 12 டெசிபல் மேலே எகிறும். அந்தக் கணத்துக்கு மட்டும் 16 மடங்கு, அதாவது 400 வாட் கையிருப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால்தான் அடி உடைந்து, கரகரத்துக் கேட்கும். இரண்டு பாக்ஸ் வைத்தால் அந்தச் சுமை பங்கிடப்படும். சுவர் உள்ள மண்டபத்தில் எதிரொலி கூடிக்கொள்வதால் ஒலி இவ்வளவு வேகமாகக் குறையவும் செய்யாது. ஆக, முந்நூறு பேர் மண்டபத்துக்கு 12 அங்குல ஆக்டிவ் பாக்ஸ் இரண்டு போதும். 'அதிகபட்ச எஸ்பிஎல்', அதாவது பாக்ஸ் எட்டக்கூடிய உச்ச டெசிபல் என்ற இடத்தில் 120-க்கு மேல் போட்டிருந்தால் சரி. டோலக் ரொம்ப முக்கியம் என்றால் 10 அங்குல பாக்ஸைத் தவிர்த்துவிடுங்கள். தனி பேஸ் பெட்டி என் கணக்கில் வேண்டாம். வைத்தால் மேடைப் பலகை அதிர்வதும் மைக் ஸ்டாண்டைக் கால் தட்டுவதும்கூட இசையோடு சேர்ந்து முழங்கும்.

ஆக்டிவ் பாக்ஸ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆம்ப்ளிபையர் உள்ளேயே, அந்த ஸ்பீக்கருக்கென்றே அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஓம் கணக்கு, பொருந்தாத ஆம்ப்ளிபையர், தவறான ஸ்பீக்கர் ஒயர் என்ற மூன்று தலைவலி குறைந்துவிடும். இப்போது கல்லூரி விழாக்களில் தென்படும், ஒல்லியான தூண் போன்ற காலம் (column) ஸ்பீக்கரும் சின்னக் குழுவுக்கு நல்ல தேர்வுதான். போஸ் நிறுவனம் 2003-இல் எல்1 என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவியது. சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் ஒலி பக்கவாட்டில் விரியும். மேலும் கீழும் அதிகம் சிதறாது. அது எங்கே உதவும் என்றால், நம் கல்யாண மண்டபங்களில்.

கிரானைட் மண்டபம்

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனவை. அந்தப் பெருமை மண்டபங்களிலும் தெரியும்: தரை முழுக்கப் பளபளக்கும் கல், சுவரில் ஆள் உயரத்துக்குக் கல், மேலே சிமெண்டுக் கூரை, எதிரே கண்ணாடிக் கதவு. ஒலியை விழுங்கிக்கொள்ள எதுவுமில்லை. மேடையில் தட்டிய ஒரு தட்டு அடுத்த தட்டு வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். 20 மீட்டர் தள்ளியிருக்கும் பின்சுவரில் மோதித் திரும்ப அதற்கு 115 மில்லி நொடிக்கு மேல் ஆகும். 50 மில்லி நொடியைத் தாண்டி வரும் ஒலியைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடும். மேடையில் இருப்பவருக்குத் தாளம் தடுமாறுவது இதனால்தான். முன்னால் வாசித்ததே பின்னாலிருந்து வந்து குழப்பும்.

மைக்குகளையெல்லாம் கலந்து பாக்ஸுக்கு அனுப்பும் மிக்ஸரில் இதற்கு மருந்து கிடையாது. மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகி எதிரொலியைக் குறைக்க முடியாது. பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குமேல் இருக்கும்படி வைத்து, முகத்தைக் கொஞ்சம் கீழே, கடைசி வரிசைக்காரரைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். கூட்டத்தின் உடம்பும் துணியும்தான் அந்த மண்டபத்தில் ஒலியை உறிஞ்சக்கூடிய ஒரே பொருள். ஒலி அங்கே போய் விழட்டும். பின்சுவரை நேராகப் பார்த்த பாக்ஸ், சுவருக்கு வாசித்துக் காட்டுகிறது. மதியம் காலியான மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது எல்லாம் கூர்மையாகவும் எதிரொலியோடும் கேட்கும். பயந்து ஹை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டால், மாலை ஆட்கள் நிறைந்ததும் பாட்டு போர்வைக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும். குறைப்பதைப் பாதியோடு நிறுத்துங்கள். எக்கோ எஃபெக்ட்டைப் போடவே வேண்டாம். மண்டபமே இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறது.

பந்தலும் திறந்தவெளியும் நேர் எதிர். சுவர் இல்லாததால் ஒலி போனது போனதுதான், பேஸ் ஒலி மெலியும். அங்கே கொஞ்சம் ரிவெர்ப், அதாவது மண்டபத்தில் கேட்பதுபோல ஒலியை நீட்டும் எஃபெக்ட், சேர்த்தால் குரலுக்கு உயிர் வரும்.

மைக் ஏன் கூவுகிறது

இதுதான் கட்டுரையின் நடுத்தண்டு. பாக்ஸிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்கில் விழுந்து, பெருகி, மறுபடி பாக்ஸில் வந்து, மறுபடி மைக்கில் விழுந்து வளையமாகிறது. எந்தச் சுருதியில் இந்த வளையம் முதலில் தன்னைத் தாண்டுகிறதோ அந்தச் சுருதியில் வீல் என்று கத்தும். இதைத் தடுக்க மூன்று வழி: மைக்கைப் பாக்ஸிலிருந்து தள்ளுவது, மைக் பாக்ஸைப் பார்க்காமல் திருப்புவது, வாத்தியத்தை மைக்குக்கு அருகே கொண்டுவருவது. மூன்றாவதில்தான் லாபம் அதிகம். நான்கு அடியில் இருந்த மைக்கை ஓரடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். சராசரி ஆம்ப்ளிபையரைப் பதினாறு மடங்கு ஆக்கியதற்குச் சமம். கூத்து மேடையின் தொங்கும் மைக்கில் கிட்டார் ஏன் செல்லாது என்பதற்கும் இதுதான் பதில்.

இன்னொரு கணக்கு: திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டித்தால், கூவுவதற்கு முன் நமக்கிருக்கும் இடைவெளி 3 டெசிபல் குறையும். ஆகவே, இருப்பதையெல்லாம் மேடையில் நட்டு வைப்பது தவறு. ஆர்மோனியத்துக்குத் தனி மைக் பல நேரம் தேவையே இல்லை. பாடுபவரின் மைக்கில் அது தாராளமாக விழுகிறது. அப்படியும் வேண்டுமென்றால் கட்டைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், துருத்தியின் காற்றுப் படாமல் வையுங்கள்.

குரலுக்கு டைனமிக் மைக்தான். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்னும் மேடைகளில் ஆள்வதற்குக் காரணம் மாயமில்லை: தனக்குப் பின்னால் இருப்பதை ஓரளவு கேட்காத கார்டியாய்டு வகை, கீழே விழுந்தாலும் தாங்கும். அதன் போலிகளும் சந்தையில் ஏராளம் என்பதால் நம்பக்கூடிய கடையில், பில்லோடு வாங்குங்கள். கார்டியாய்டு மைக்குக்குக் காது அடைத்த திசை நேர் பின்பக்கம். எனவே பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸ் மைக்குக்கு நேர் பின்னால், பாடுபவரைப் பார்த்து இருக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு வாங்கினால் கணக்கு மாறும். அதற்கு அடைத்த திசை நேர் பின்னால் இல்லை, பின்பக்க இரு ஓரங்களில் ஏறக்குறைய 125 டிகிரியில். மானிட்டரையும் அங்கே நகர்த்த வேண்டும். 'நல்ல மைக் வாங்கினோம், முன்னைவிட அதிகம் கூவுது' என்ற புலம்பல்களில் பாதி இந்த இடமாற்றத்தைச் செய்யாததால் வருவது. பாடுபவர் மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது இன்னொரு காரணம். பொத்தினால் பின்பக்கத் துளைகள் அடைந்து, மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கிவிடும்.

புல்லாங்குழலுக்கு மைக்கை நுனியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒலியில் பெரும்பங்கு ஊதும் துளையிலிருந்தும் திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவே, காற்று நேராக அடிக்காதபடி சற்று மேலே வைத்தால் போதும்.

டோலக்குக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே மைக் என்றால் முன்னால் ஓரடி தள்ளி, உடலின் நடுவைப் பார்த்து வைக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக விழும். இரண்டு மைக் இருந்தால் இரு முகத்துக்கும் ஒவ்வொன்று. அப்போது ஒரு விநோதம் நடக்கும். வலது முகத்தைத் தட்டினால் அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளே நெருக்கிய காற்று இடது தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்கு ஒலி இழுப்பாகவும் மற்றதற்குத் தள்ளலாகவும் வருவதால், மிக்ஸரில் சேரும்போது கீழ் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கும். சேர்த்தால் பேஸ் போய்விடும். மிக்ஸரில் ஒரு சேனலின் போலாரிட்டியை, அதாவது இழுப்பைத் தள்ளலாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினால் காணாமல் போன முழக்கம் திரும்பும். சின்ன மிக்ஸர்களில் அந்தப் பொத்தான் இருக்காது. ஒரு ஒயரில் 2-ஆம் 3-ஆம் பின்களை மாற்றிச் சால்டர் செய்து, அதில் சிவப்பு டேப் சுற்றி வைத்துக்கொள்ளலாம். டேப் சுற்ற மறந்தால் அடுத்த கச்சேரியில் அதே ஒயர் வேறு எங்கோ மாட்டப்பட்டுத் தலைவலி தரும்.

கிட்டாரை நேராகச் செருகினால்

பிக்கப் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரின் ஜாக்கை மிக்ஸரில் நேராகச் செருகினால் சில கிட்டார் நன்றாகப் பேசும், சில கிட்டார் சீப்பைக் கீறுவதுபோல ஒலிக்கும். வித்தியாசம், சமிக்ஞையை வலுவாக்கித் தரும் ப்ரீஆம்ப் ஒன்று பேட்டரியோடு உள்ளே இருக்கிறதா என்பதில். கம்பிகள் உட்காரும் பாலத்துக்கு அடியில் பிக்கப்பாக இருக்கும் பியசோ பட்டை, மின்கணக்கில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி. அது 1 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மைக்கைவிட வலுவான சமிக்ஞைக்கென்று மிக்ஸரில் இருக்கும் லைன் இன்புட்டின் மின்தடை 10 ஆயிரம் ஓம் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 16 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் படிப்படியாக வெட்டப்படும். அதாவது கிட்டாரே வெட்டப்படுகிறது. இன்புட் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் ஆனால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ், கவலையில்லை.

கிட்டார் சமிக்ஞையை வாங்கி மைக் ஒயரில் போகும்படி மாற்றித் தரும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் இந்த இடத்தில்தான் வருகிறது. ப்ரீஆம்ப் இல்லாமல் பியசோவே நேராக ஜாக்குக்கு வரும் கிட்டாருக்கு, மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டிஐ வேண்டும், இன்புட் 1 மெகா ஓமுக்குக் குறையாமல், இன்னும் மேலே இருந்தால் நல்லது. கிட்டாரிலேயே ப்ரீஆம்ப் இருந்தால் டிரான்ஸ்பார்மர் மட்டும் கொண்ட பாசிவ் டிஐ போதும். விலையும் குறைவு, பேட்டரியும் வேண்டாம். கிட்டாரிலிருந்து டிஐ வரை மூன்று, நான்கு மீட்டர் ஒயர். அங்கிருந்து மிக்ஸர் வரை எவ்வளவு தூரமானாலும் மைக் ஒயர். புதிய பாக்ஸ் வாங்கக் காசு சேர்க்கும் குழுவிடம் நான் முதலில் சொல்வது, அந்தக் காசில் சின்னப் பங்கை எடுத்து ஒரு நல்ல டிஐ வாங்குங்கள் என்றுதான்.

ஒயர் விஷயம்

நம் ஊர்க் கடைகளில் மைக்கோடு தரும் ஒயரில் ஒரு முனை கேனான் என்று சொல்லப்படும் எக்ஸ்எல்ஆர், மறுமுனை பி38 ஜாக். இந்தக் கலப்பு ஒயர் பழைய ஆம்ப்ளிபையருக்காக உருவானது. மைக் உள்ளே அனுப்புவது இரண்டு எதிரெதிர் சமிக்ஞைகள். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது, வழியில் ஒயரில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துபோகும். பி38 போட்டதும் அந்தக் கழித்தல் நின்றுவிடுகிறது. பத்து மீட்டர் ஒயரில் சீரியல் செட் விளக்கின் ரீங்காரமும் சேர்ந்து பாடும். இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயராகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக்கும் ஆக்டிவ் டிஐயும் கேட்கும் 48 வோல்ட் பான்டம் பவரும், அதாவது மிக்ஸர் ஒயர் வழியே அனுப்பும் மின்சாரமும், அந்த வழியாகத்தான் போகும்.

இதே கழித்தல் இன்னொரு இடத்தில் காலை வாரும். செல்போனிலிருந்து சுருதியோ இடைவேளைப் பாட்டோ போட, ஸ்டீரியோ ஒயரை மிக்ஸரின் ஒரே சேனலில் செருகுவார்கள். மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருப்பது பாடகர் குரல். அது மறைந்துபோய், இசையும் எக்கோவும் மட்டும் மிஞ்சும். 'பாட்டுல பாட்டைக் காணோம்' என்று யாராவது ஓடி வந்தால் அது இதுதான். இரண்டு ஜாக்காகப் பிரியும் ஒயரை ஸ்டீரியோ சேனலில் போட்டால் தீர்ந்தது.

மிக்ஸர் வாங்கும்போது பெயரில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். யமஹா எம்ஜி10-இல் மைக் செருக இடம் நான்குதான், எம்ஜி12-இல் ஆறு, மீதி எல்லாம் லைன். நம் ஐந்து பேருக்கு இரண்டு குரல், குழல், டோலக் இரண்டு, கிட்டார் டிஐ என்று ஆறு வந்துவிடும், ஆர்மோனியத்துக்குத் தனியாக வைத்தால் ஏழு. டேப்லட்டில் இயக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரியான டிஜிட்டல் பெட்டிகளில் 16 மைக் இடமும், ஒவ்வொருவருக்கும் தனி மானிட்டர் கலவையும் கிடைக்கும். மண்டபத்தில் எல்லோர் செல்போனும் வைஃபையில் முட்டும்போது டேப்லட் தொடர்பு அறுந்துபோகும் ஆபத்தும் கூடவே வரும். தனி ரவுட்டர் ஒன்றைக் கூட்டிக்கொள்ளாமல் அதை நம்பி மேடையேறாதீர்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: மைக், டிஐ, ஒயர், மிக்ஸர் என்ற முன்பாதியைக் குழு சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பாக்ஸ், ஸ்டாண்ட், ஜெனரேட்டர் என்ற பின்பாதியை அந்தந்த ஊர் சவுண்ட் சர்வீஸில் வாடகைக்கு எடுக்கலாம். முன்பாதி ஒரு பைக்குள், ஒரு பெட்டிக்குள் அடங்கும்; அரூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு பஸ்ஸில்கூடப் போய்விடும். குழுவின் தொனியைத் தீர்மானிப்பதும் அதுதான். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம், தருமபுரிக்காரர்களுக்குச் சேலமும் தூரமில்லை.

ஒப்படைக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம் மிக்ஸரின் மெயின் அவுட், லைன் அளவு சமிக்ஞை. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அதை வழக்கப்படி தன் மிக்ஸரின் மைக் ஓட்டையில் செருகினால் முதல் சுருதியிலேயே கரகரக்கும். "அண்ணே, இது லைன், மைக் இல்லீங்க" என்று சொல்லி லைன் இன்புட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஈக்யூ எல்லாம் நடுவில், எக்கோ ஆஃப். அதற்கப்புறம் அவர் ஏற்ற வேண்டியது ஒரே ஒரு ஃபேடர், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பொத்தான். இரு மிக்ஸர்களுக்கும் இடையே ஹம் வந்தால், ஒலி ஒயரில் போடும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை நடுவில் போட்டால் போகும். ஹம் என்பது 50 ஹெர்ட்ஸ் அல்லது அதன் மடங்கில் வரும் ரீங்காரம். பெரும்பாலும் இரண்டு கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வருவது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தாலே பாதி அடங்கும்.

ஹம்மை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடும் வழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கிட்டார்க் கம்பி ஒரு எர்த்தில், மைக் இன்னொரு எர்த்தில் இருந்தால், கம்பியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும் கணத்தில் ஷாக் அடிக்கும். உயிர் போகக்கூடிய விஷயம். திருவிழா மைதானத்தில் தற்காலிக இணைப்பு எடுத்திருந்தால் மல்டிமீட்டர் இல்லாமல் எதையும் செருக வேண்டாம். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி, பேஸ் ஒலி அல்ல) நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். அங்கே முப்பது, நாற்பது காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. த்ரீ ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறும், மிக்ஸரும் பாக்ஸும் ஒரே நொடியில் போகும். விளக்குக்கு ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு இன்னொரு ஃபேஸ் என்று பிரித்துக் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் முணுமுணுத்தாலும் செய்வார்.

சுவிட்ச் போடும் வரிசை எளிது. மிக்ஸர் முதலில், பாக்ஸ் கடைசியில். அணைக்கும்போது பாக்ஸ் முதலில். மாற்றினால் 'டொம்' என்று ஒரு அடி விழும். மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் அதைப் பலமுறை தாங்காது.

கடைசியாக நேரக் கணக்கு. ஒலி மாசு விதிகள், 2000 படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு பண்டிகைக்கென்று ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் அளந்தால் அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த அளவைவிட 10 டெசிபல் அதிகம் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மேலே போட்ட 85 டெசிபல் கணக்கு பந்தலுக்குள் கடைசி வரிசைக்கு. பாக்ஸைக் கூட்டத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தால் எல்லைக்கோட்டுக்குப் போகும்போது அது நன்றாகவே குறைந்திருக்கும், குழாய் கட்டினால் குறையாது. அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை மிக்ஸர் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். விழாக் கமிட்டியில் அதை வைத்திருப்பவர், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் நேரத்தில் பந்தியில்தான் இருப்பார்.